ஏரி விழுங்கிய கம்பெனி பூட்ஸ்

நான் திருநெல்வேலிக்காரன்; ஓசூரில் ஃபேக்டரி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை செய்யும் நண்பன் மாதேஷோடு ராயக்கோட்டைப் பக்கம் மலைகளுக்கு நடுவே உள்ள ஏரிக்கு மீன் பிடிக்கப் போனேன். வழியில் முள் குத்துமே என்று, கம்பெனியில் கொடுத்த முழங்கால் உயர ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டேன்.

தூண்டிலில் பெரிய கெண்டை சிக்கியது. அதை விடக்கூடாது என்று ஏரிக்குள் இறங்கிவிட்டேன். பூட்ஸ் சேற்றில் புதைந்துகொண்டது. அசைய அசைய இன்னும் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சைத் தொட்டது.

கரையிலிருந்து மாதேஷ் கத்தினான்: "பூட்ஸ வுட்டுட்டு கால மட்டும் உருவுடா!"

"ஏலே, இது கம்பெனி பூட்ஸு! சூப்பர்வைசர் கேப்பாரு!" என்றேன்.

"நீ இருந்தாத்தானடா கேப்பாரு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் தன் லுங்கியை அவிழ்த்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வீசினான். ஒரு கையால் அதைப் பற்றிக்கொண்டு, கால்களை உருவிக் கரையேறினேன். மறுகையில் தூண்டிலை விடவில்லை; கெண்டையும் பின்னாலேயே வந்தது!

மறுநாள் சூப்பர்வைசர், "பூட்ஸ் எங்கய்யா?" என்றார். செல்போனில் கெண்டையைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "எந்த ஏரி?" என்றார்.

இப்போது மூன்று பேராகப் போகிறோம். மூவருமே வெறுங்காலோடு, கரைப் பாறையில் உட்கார்ந்துதான் தூண்டில் போடுகிறோம்.

- செ. முருகேசன், மூக்கண்டப்பள்ளி