பக்கத்து இலைக்கு ஆள் உண்டு

இந்த மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். நினைவு மலர்களில் மறைந்தவர்கள் எல்லோரும் இன்சொல் பேசியவர்கள், எவர் மனத்தையும் நோகடிக்காதவர்கள். எங்கள் அண்ணன் அவர்களை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சாம்பாரில் புளி கூடினால் சமையற்கட்டு வரை நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருபவர் அவர். மற்றபடி நல்லவர்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில் அண்ணன் பிறந்தார். சுற்றிலும் நெல்லும் வாழையும். அவற்றில் எங்களுடையது எதுவும் இல்லை. அப்பா காலமானபோது அண்ணன் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார். படிப்பை விட்டுவிட்டுக் கோவைக்கு வந்து பம்புசெட் கம்பெனி ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். பின்னாளில் அதன் விற்பனைப் பிரதிநிதியானார். தங்கையாகிய என்னைப் படிக்க வைத்தவர் அவரே. நான் தேர்வெழுதி, உணவகங்களுக்கு உரிமம் வழங்கும் பிரிவில் போய் உட்கார்ந்தேன். அவர் அந்த உணவகங்களில் போய் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் ஒருசேரப் பிடித்த கடைகள் மிகக் குறைவு. காற்றோட்டம், கழிவுநீர், தீயணைப்புச் சான்று எல்லாம் சரியாக இருக்கும் கடையில் ரசம் வாயில் வைக்க முடியாது என்பது அவருடைய உறுதியான கருத்து.

இந்த நகரத்தில் அவருக்குத் தெரியாத நல்ல சோறு இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் காலையில் மட்டும் கிடைக்கும் சந்தகையும் தேங்காய்ப் பாலும், கோட்டைமேட்டுச் சந்தில் ஒரு பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திறக்கும் பிரியாணி அண்டா, காரமடைச் சாலையில் வரமிளகாய் போட்டு வதக்கும் நாட்டுக்கோழி, தேவாலயத்துக்குப் பின்வீட்டில் டிசம்பரில் மட்டும் சுடும் அச்சு முறுக்கு. எல்லாம் அவர் கண்டுபிடித்து எங்களுக்குக் காட்டியவை. அவர் யாரிடமும் விசாரிக்க மாட்டார். கைப்பேசியில் நட்சத்திரம் பார்க்க மாட்டார். புதுக் கடை என்றால் முதலில் அதன் பின்பக்கம் போய், சாப்பிட்டவர்கள் இலை போடும் தொட்டியருகே நிற்பார்.

"ஏனுங்ண்ணா, உள்ள போய் உக்காராம எச்ச எலயப் பாத்துட்டு நிக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒவ்வொரு கடையிலயும் தின்னு பாக்கறதுக்கு எனக்கென்ன பத்து வவுறா இருக்குது அம்மணி? எல சொல்லிப்போடும்."

வயிறும் மனமும் நிறைந்தவர் இலையின் எதிர்ப் பாதியைத் தன் பக்கமாக மடிப்பார். மறுபடி வருகிறேன் என்று அதற்குப் பொருள். தன் பக்கத்துப் பாதியை அப்பால் தள்ளி மூடுவது இழவு வீட்டுச் சாப்பாட்டில். இப்படியொரு சாப்பாடு மறுபடி வேண்டாம் என்று பொருள். தொட்டியில் எந்த மடிப்பு அதிகம் என்று பார்த்துவிட்டுத்தான் அண்ணன் உள்ளே நுழைவார்.

"இந்த ஆய்வு முறைக்கு ஒரு அரசாணை போட்டுரலாங்ண்ணா."

"போடு கண்ணு. கமிட்டி மட்டும் போட்டறாத, சோறு ஆறிப்போயிரும்."

அந்த நாக்குக்குத்தான் நோய் வந்தது என்று சொல்லலாம். தொண்டையில் வந்தது. கதிர்வீச்சு முடிந்தபோது ருசி போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்றார். ஆனாலும் வேளை தவறாமல் வந்து உட்கார்ந்து, அண்ணி பரிமாறியதில் இரண்டு வாய் தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இலையை அப்பால் தள்ளி மூடிவிட்டு எழுந்தார். தினமும் அப்படித்தான். அவர் அறிந்து செய்தாரா, கை தானாகச் செய்ததா, தெரியாது.

"ஒரு நா கூட இவரு நம்மூட்டுல எலய அப்படி மூடுனதில்லீங்க அம்மணி" என்று அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துச் சொன்னார்கள். "ஆயுசு பூரா ஆக்கிப் போட்டேன். கடேசில எழவு ஊட்டு எலயாட்டம் மூடிப்போட்டு எந்திரிக்கறாரு."

பிறகு அதுவும் நின்று, மூக்குக் குழாயில் கஞ்சி போயிற்று. காலமாவதற்கு முந்தின நாள் மதியம் நானும் அண்ணியும் கட்டிலருகே இருந்தோம். அண்ணன் கண் விழித்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"சாப்பிட்டாச்சு அம்மணி. அரிசிம்பருப்புச் சோறு."

"எங்கீங்ண்ணா?"

"புதுக் கடை. போர்டு இல்ல. மண்டபமாட்டம் நீளமா போகுது. எல்லாரும் ஒரே பக்கமாப் பாத்து உக்காந்திருக்கறாங்க. ஒருத்தரும் பேசறதில்ல."

பேச்சு கொடுப்பதற்காகக் கேட்டேன். "எலத் தொட்டி பாத்தீங்களா?"

"தேடுனேன். தொட்டியே இல்ல. சாப்பிட்டவங்க யாரும் எந்திரிச்சாத்தான?"

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"பக்கத்து எல காலியா இருந்துச்சு. ஒருத்தரு உக்கார வந்தாரு. ஆள் உண்டுன்னு சொல்லிப்போட்டேன். ஒண்ணும் அவசரமில்ல. அந்த எல வாடாதாமா."

அவருடைய சட்டையிலிருந்தா, வேறெங்கிருந்தா தெரியவில்லை. நெய் வாசம் அடித்தது. அன்று வீட்டில் கஞ்சியைத் தவிர எதுவும் அடுப்பில் ஏறவில்லை.

பெயர்ப்பலகையும் இலைத் தொட்டியும் இல்லாமல் நடத்தும் உணவகத்துக்கு என் காலத்தில் உரிமம் கிடைத்திருக்காது. அண்ணன் போன பின் இதை நான் அண்ணியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. "கடை எங்க இருந்தா என்னங்க. என் சோத்த வேண்டாம்னு தள்ளிப்போட்டுத்தானே அங்க போயிட்டாரு" என்றார்கள். காரியங்கள் முறைப்படி முடிந்தன. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஓய்வூதியம் எல்லாம் நான் முன்னின்று வாங்கினேன். அண்ணியின் இந்தக் கேள்விக்கு மட்டும் எந்தச் சன்னலிலும் மனு கொடுக்க இயலவில்லை. அவர்கள் சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டோம். அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு ரசம், கத்தரிக்காய்ப் பொரியல். படையலுக்குச் சமைக்கையில் உப்புப் பார்க்கக் கூடாது என்பதால் அண்ணி கை அளவிலேயே போட்டார்கள். அண்ணனின் படத்துக்கு முன்னால், அவர் உட்கார்ந்து சாப்பிடும் வாக்கில் இலையை விரித்துப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்தோம். சற்றுப் பொறுத்து, வழக்கப்படி கதவைத் தட்டிவிட்டு அண்ணி திறந்தார்கள்.

இலை மூடியிருந்தது. எங்கள் பக்கத்துப் பாதி, அதாவது அண்ணனுக்கு எதிர்ப் பாதி, எழுந்து படத்தின் பக்கமாகக் கவிந்திருந்தது.

ஆய்வு செய்து பழகியவள் நான். சன்னல் கொக்கி போட்டது போட்டபடி இருந்தது. மின்விசிறி ஓடவில்லை. பூனை நுழைய வழியில்லை. இலையைப் பிரித்தேன். சோறு வைத்த அளவிலேயே இருந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சூடு இருந்தது, வேறொன்றும் இல்லை. உப்பில்லை, நெய்யில்லை, பருப்பில்லை. ரசமும் அப்படியே. உப்புப் பார்க்காததால் வந்த குறை என்று நினைத்துச் சமையலறைக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு கை எடுத்துப் பார்த்தேன். அண்ணியின் கைப்பக்குவம் மாறாமல், உப்பும் நெய்யும் அளவாக, மணமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணி இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மண்ணத்தான் அத்தன நாளும் தின்னாருங்களா?" என்று கேட்டார்கள். பிறகு, "ருசி மொத்தத்தையும் எடுத்துக்கிட்டாருங்க அம்மணி. ஒண்ணும் மிச்சம் வெக்கல" என்றார்கள். கண்ணில் நீர் வழிந்தது. முகம் சிரித்தது. அந்த இலையில் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்து, தன் பக்கமாக மடித்தார்கள். அன்றிலிருந்து வேளை தவறாமல் சாப்பிடுகிறார்கள்.

நடந்ததை நடந்தபடி பதிவு செய்திருக்கிறேன்.

அண்ணனின் நோய்க்காலத்தில் கைவிடாமல் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அழைக்காமலே வந்து பதினாறாம் நாள் அடுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட கோட்டைமேட்டு பாய் அவர்களுக்கும், டிசம்பரில் அண்ணன் பங்கு அச்சு முறுக்கைத் தனியே கட்டிக் கொடுத்தனுப்பிய தேவாலயப் பின்வீட்டு அம்மாவுக்கும், தோள் கொடுத்த உறவினர் நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

முதலாண்டு நினைவு நாளான இன்று அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பது உங்கள் விருப்பம். பந்தியில் அண்ணிக்குப் பக்கத்து இலை காலியாக இருக்கும். தயவுசெய்து அதில் யாரும் உட்கார வேண்டாம். ஆள் உண்டு.