கரி பூசாத அசுரன்

ஆரியர், திராவிடர் என்று பத்திரிகைகளில் நான் விளாசிக்கொண்டிருந்த 1930களில்தான் அவரைப் பார்த்தேன். கோயமுத்தூரில் முகாமிட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியில் நடிகர்களுக்கு அரிதாரம் பூசுகிறவர். ஒல்லியான ஆள், காது மடலெல்லாம் வண்ணப்பொடி. எந்த நிறத்தைக் குழைத்தாலும் முதலில் தன் முன்கையில் ஒரு கீற்று இழுத்துப் பார்ப்பார்.

கம்பெனி முதலாளி என் நண்பர். அதனால் அன்று மாலை ஒப்பனை அறையில் உட்கார்ந்திருந்தேன். தேவனுக்குப் பூசிய அதே ரோஜா நிறத்தை அசுரனுக்கும் அரிதாரக்காரர் பூசிவிட்டார். முதலாளி கத்தினார்.

"கரியைப் பூசய்யா! இல்லீன்னா அசுரன்னு சனத்துக்கு எப்படித் தெரியும்?"

"அவன் பண்ற அக்கிரமத்துல தெரியுமுங்க." அவர் முன்கையை நீட்டினார். ரோஜாக் கீற்றைச் சுற்றிலும் நல்ல கறுப்பு. "இது எங்கம்மா நெறமுங்க. இதை அசுரனுக்குப் பூச மாட்டேனுங்க. வேலையை உட்டு நிறுத்தினாலுஞ் சரிங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நூல்கள்ல ரெண்டு விதமாவும் இருக்குதுங்க" என்றேன்.

அவர் தூரிகையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "ஏனுங்க, அவரு நூலைக் கேக்கலீங்க. உங்களைத்தானுங்க கேட்டாரு."

அதற்குள் மணி அடித்துவிட்டது. ரோஜா முகத்தோடுதான் அசுரன் மேடையேறினான். ஒரு பெண்ணின் கூந்தலைப் பிடித்து அவன் இழுத்ததும் கொட்டகையே எழுந்து அவனைத் திட்டியது. அவன் யாரென்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த வாரமும் இனங்களைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். அதில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலாளி என் நண்பர்.