ஷவரில் மழை

பீளமேட்டில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் ஷவரில் மூன்றே ஓட்டைகளில்தான் தண்ணீர் வரும். மோட்டார் சரியில்லை என்று கீழ்வீட்டு ஓனரிடம் என் வீட்டுக்காரர் இரண்டு முறை சண்டையே போட்டுவிட்டார்.

இன்று வந்த பிளம்பர் ஷவரைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.
"போர் தண்ணி உப்பு கல்லாட்டப் படிஞ்சு ஓட்டையெல்லாம் அடைச்சுப்போட்டுதுங்க அம்மணி. மோட்டாரு என்னங்க பண்ணும்?"

வினிகரில் ஊறவைத்து, ஊசியால் குத்தி, திரும்ப மாட்டிக் கொடுத்தார்.

உடனே துண்டோடு உள்ளே போன என் வீட்டுக்காரர், "கண்ணு, மழையாட்டக் கொட்டுது!" என்று கத்தினார். அப்புறம் ஒரே பாட்டுதான். முக்கால் மணி நேரம்!

இப்போது ஓனர் வாசலில் நிற்கிறார்.
"நீங்க அப்பவே சொன்னீங்க. மோட்டாரு கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க, டேங்குல சொட்டுத் தண்ணி இல்லீங்க!"

உள்ளே பாட்டு நின்றுவிட்டது.