டக் கேப்டன் ஞானதாசன் விண்கலம் அணைத்தது

தேங்காய்ப்பட்டணத்தில் ஞானதாசன் வீடு எது என்று கேட்டால் எந்த ஞானதாசன் என்று திருப்பிக் கேட்பார்கள். டக் கேப்டன் வீடு என்றால் குழந்தைகூடக் கை காட்டும். இருபத்திமூன்று வயதில் பஹ்ரைனுக்கு வடம் பிடிக்கிற ஆளாகப் போனவர் அவர். பெரிய கப்பல்களை முட்டித் தள்ளியும் வடம் கட்டி இழுத்தும் துறையில் கொண்டு சேர்க்கிற சின்னப் படகுக்கு டக் என்று பேர். ஆள் குட்டை, எஞ்சின் யானை. அதில் கயிறு சுருட்டி, துரு சுரண்டி, பரீட்சை எழுதி, கடைசியில் அதற்கே கேப்டன் ஆனார். முந்நூறு மீட்டர் நீள எண்ணெய்க் கப்பலை, நடுவில் ஒரு கோழிமுட்டையை வைத்தாலும் உடையாமல் மேடையில் அணைப்பேன் என்பார். அது வீம்புப் பேச்சு இல்லை. கூட வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

2012 கடைசியில் கம்பெனி டக்குகளையெல்லாம் விற்றது. கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்த ஞானதாசனுக்குத் திரும்பிப் போக வேலை இல்லை. வேறு விசாவுக்கு நாகர்கோவிலில் ஓர் ஏஜென்டைப் பிடித்திருந்தார். அந்த ஆள் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றான். ஜனவரி போயிற்று, பிப்ரவரியும் போயிற்று. தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்களெல்லாம் விசா என்னாச்சு என்று கேட்டார்கள். குருசடிக்கு மெழுகுதிரி வைக்கப் போனால் அங்கேயும் கேட்டார்கள். கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்டார்கள், அதுதான் இன்னும் எரிச்சல்.

வெளியே போவதை நிறுத்தினார். வீட்டுக்குள் இருந்தார். அதில் அகப்பட்டுக்கொண்டது மனைவி செசிலி. அடுக்களையில் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். சாளை மீன் வெட்டுகிற விதம் சரியில்லை என்றார். இருபத்தியொரு வருஷம் வருஷத்துக்கு ஒரு மாதம் விருந்தாளி மாதிரி வந்துபோன மனுஷன் இப்படி அடுப்படியில் நின்றால் என்ன செய்வது என்று செசிலி தன் தங்கையிடம் போனில் புலம்பினாள்.

அவர்களுக்கு ஒரே மகள், ஜின்சி. என்ஜினியரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில் இருந்து சனிக்கிழமை தோறும் வருவாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ராக்கெட் விடுகிற விளையாட்டு ஒன்றை ஏற்றி வைத்திருந்தாள். ராக்கெட்டை நாமே கட்டி, நாமே விட்டு, பூமியைச் சுற்ற வைக்க வேண்டும். மார்ச் முதல் சனிக்கிழமை, சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு கலத்தோடு இன்னொன்றைக் கொண்டு இணைக்கப் பார்த்தாள். இரண்டு தடவை தவறியது. பின்னால் சாயா கிளாசோடு நின்ற ஞானதாசனுக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்கா இவ்வளவு பாடு? முன்னால ஒருத்தன் போறான். மூக்க நேரா பிடி, எஞ்சின கூட்டு, கிட்ட போனதும் குறை. அவ்வளவுதானே."

ஜின்சி எழுந்து நாற்காலியைக் காட்டினாள்.

முன்னால் போகிற கலம் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஞானதாசன் மூக்கை நேராகப் பிடித்தார், எஞ்சினைக் கூட்டினார். நாற்பது முப்பத்தைந்தாயிற்று, முப்பதாயிற்று. திரும்பி மகளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தபோது அந்தக் கலம் மூக்குக்கு அடியில் அமிழ்ந்துகொண்டிருந்தது. இன்னும் கூட்டினார். தூரம் குறைவது நின்று, பிறகு ஏறத் தொடங்கியது. ஐம்பது, எண்பது, இருநூறு. துரத்தத் துரத்தப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஜின்சி விளக்கிச் சொன்னாள். வேகத்தைக் கூட்டினால் கலம் மேலே ஏறிவிடும். மேலே வட்டம் பெரிது, சுற்றி வர நேரம் கூடுதல். முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட வேண்டும்.

"குறைச்சா எப்பிடி பிள்ளே எட்டும்?"

"தணிவா போனா வட்டம் சின்னதுல்லா அப்பா. அதுல சீக்கிரம் சுத்தி வந்திரலாம்."

மகள் தன்னை வைத்து வேடிக்கை செய்கிறாள் என்றே ஞானதாசன் நினைத்தார். முப்பது வருஷம் கடலில் இருந்தவனிடம், முந்துவதற்கு வேகத்தைக் குறை என்று ஒருத்தி சொல்கிறாள்.

திங்கட்கிழமை அவள் ஹாஸ்டலுக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அது கரண்ட் கட்டின் உச்சகாலம். இரண்டு மணி நேரம் இருந்தால் இரண்டு மணி நேரம் இருக்காது. மேஜைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ். ஐந்து நிமிஷம் கத்திவிட்டுச் செத்துவிடும். ராக்கெட் கட்டி, மேலே ஏற்றி, வட்டத்தில் நிறுத்தி, துரத்த ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். வந்ததும் மறுபடி தரையிலிருந்து. நாலு நாள் இப்படியே நடந்தது. ஜன்னல் வழியாக மின்கம்பத்தை முறைத்துக்கொண்டு நிற்பார்.

வியாழக்கிழமை மதியம் ஜின்சிக்குப் போன் போட்டுக் கொதித்தார். அவள் சாவகாசமாக, சேவ் பண்ணலியா அப்பா என்றாள். ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஞானதாசன், இதை முதலிலேயே சொன்னால் வாய் தேய்ந்தா போகும் என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

இரண்டாவது வாரம், வேறு வழியில்லாமல், மகள் சொன்னபடி பிரேக் போட்டுப் பார்த்தார். தூரம் குறைந்தது. வேகத்தைக் குறைத்ததால் குறைந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கள்ளன் என்று நாம் நினைத்தவன் உத்தமன் என்று தெரிந்தால் வருகிற மாதிரி ஒரு கடுப்புத்தான் வந்தது.

அதோடு தொல்லை தீரவில்லை. எட்டிப் பிடித்த கலத்தைத் தாண்டி வெடி மாதிரிப் பறந்து போனார். கடலில் எஞ்சினை நிறுத்தினால் தண்ணீர் பிடித்து நிறுத்தும். அந்தத் தண்ணீரை நம்பியே கை பழகியிருந்தது. இங்கே பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. கலத்தைத் தலைகீழாகத் திருப்பி, எதிர்ப்பக்கம் எஞ்சினை எரித்து, ஓடின வேகத்தையெல்லாம் தானே கொன்றால்தான் நிற்கும். இதைப் படிக்க இன்னும் ஆறு நாள். அந்த ஆறு நாளும் வீட்டில் மிக்சி ஓடவில்லை. ஓடினால் கவனம் சிதறுகிறதாம். செசிலி அம்மியில் அரைத்தாள், ஒவ்வொரு இழுப்புக்கும் அவரைத் திட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடைசி நூறு மீட்டருக்கு வந்து சேர்ந்தார். அதுவரை ஏமாற்றிக்கொண்டிருந்த கை அங்கே தன் வேலையைக் கண்டுகொண்டது. கலத்தை இம்மி இம்மியாக நகர்த்த அதன் பக்கங்களில் சின்னக் காற்றுக் குழாய்கள் உண்டு. மூச்சுவிடுகிற அளவு காற்று, இடது பக்கம். நிறுத்து. அரை மூச்சு, மேலே. நிறுத்து. இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் அந்தப் பெரிய கலம் திரையில் வளர்ந்தது. ஞானதாசன் தனக்குத்தானே தாழ்ந்த குரலில், மெல்ல, மெல்ல, பிடி, விடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன் வாங்கப் பை எடுக்க வந்த செசிலி கதவருகில் நின்றுவிட்டாள். கல்யாணமாகி இருபத்தியொரு வருஷம். இந்த மனுஷன் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. பணம் வரும், பெட்டி வரும், கப்பல் போட்டோ வரும். ஒரு சத்தமும் போடாமல், தோளைத் தளரவிட்டு, கண்ணை மட்டும் கூர்மையாக்கி உட்கார்ந்திருக்கிற இந்த ஆளை அவளுக்குத் தெரியாது. பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு கலங்களும் மூக்கோடு மூக்கு முட்டின. முட்டி, விலகின.

மறுபடி அணைத்தார். மறுபடி விலகியது. நேராகத்தான் வந்தார், மெதுவாகத்தான் வந்தார். பதினோரு தடவை முட்டினார். பன்னிரண்டாவதுக்குத் தள்ளுகிற காற்று தீர்ந்துவிட்டது. கலம் கைக்கெட்டுகிற தூரத்தில் மெல்ல உருண்டுகொண்டே விலகிப் போயிற்று. ஞானதாசன் கீபோர்டைப் பிடுங்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். தெரு முக்கில் பலசரக்குக் கடைப் பொன்னுலிங்கம் விசா என்னாச்சு என்று கேட்டார். கேப்டன் சொன்ன பதிலால் அந்தக் கடையில் செசிலி இரண்டு வாரம் சாமான் வாங்கப் போகவில்லை.

மறுநாள் ஜின்சி வந்தாள். அப்பாவின் கலத்தைத் திரையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா, கொளுவுற வளையத்த திருப்பில்லா வச்சிருக்கிய."

இணைகிற வளையத்துக்கு ஒரு பக்கம்தான் கொக்கி மாதிரிப் பிடிக்கிற கொளுவி உண்டு. மறுபக்கம் வெறும் தகடு. கலம் கட்டும்போது ஞானதாசன் கொளுவியை உள்ளே பார்க்க வைத்து, தகட்டை வெளியே விட்டிருந்தார். பதினோரு தடவையும் தகட்டால்தான் முட்டியிருக்கிறார். அப்படிப் பதினோராயிரம் தடவை முட்டினாலும் சேராது.

எந்தக் கப்பல் பட்டறையிலும் இப்படித் தலைகீழாக மாட்ட விடமாட்டான், இதைச் செய்தவனுக்கு விவரம் போதாது என்று அவர் சொன்னார்.

"பட்டறையும் நீங்கதானே அப்பா," என்றாள் ஜின்சி. அடுக்களையிலிருந்து செசிலி சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஞானதாசனுக்கு அதில் சேர்ந்துகொள்ளத் தோன்றவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, பதினோரு தடவை, பதினோரு தடவை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை புதுக் கலம் கட்டினார். வளையத்தை மூன்று தடவை திருப்பிப் பார்த்து உறுதி செய்தார். கரண்ட் பதினொன்றரைக்கு வந்தது, ஒன்றரைக்குப் போகும். பன்னிரண்டேமுக்காலுக்கெல்லாம் அந்தப் பெரிய கலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். முப்பது மீட்டர் இருக்கும்போது போன் அடித்தது. செசிலி எடுத்துப் பார்த்து, இஞ்ச பாருங்க, ஏஜென்ட் என்றாள். மூன்று மாதமாக அந்தப் போனுக்காகக் குளியலறைக்குக்கூடக் கதவைத் தாழிடாமல் போன மனுஷன், தலையைத் திருப்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி இரு என்றார். போன் அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்து ஓய்ந்தது.

கலங்கள் தொட்டன. டமார் என்று சத்தம் வரும், மணியடிக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். ஒன்றும் வரவில்லை. திரை லேசாக ஒரு குலுங்கு குலுங்கியது. இரண்டு கலமும் ஒரே கலமாகச் சுற்றத் தொடங்கின.

"சேந்தாச்சா?" என்றாள் செசிலி.

"சேந்தாச்சு."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கே கப்பலிலும் இப்படித்தானா என்று கேட்டாள். அங்கே காற்று அடிக்கும், நீரோட்டம் இருக்கும், பெரிய கப்பலின் மேல்மாடத்தில் நின்று வழிகாட்டுகிற பைலட் ரேடியோவில் கத்துவான், வடம் அறுந்தால் ஆள் போய்விடும் என்று ஞானதாசன் சொன்னார். ஒரு தடவை அறுந்ததையும் சொன்னார், கூட நின்ற ஆளையும் சொன்னார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கரண்ட் போகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஏஜென்டைக் கூப்பிட்டால், அடுத்த வாரம் என்றான்.

விசா ஜூலையில் வந்தது. ஓமானில் ஒரு துறைமுகம், பழைய டக், எஞ்சின் இருமுகிற டக். அங்கே உதவிக்கு இருந்த பிலிப்பினோ ஆள் நல்ல கெட்டிக்காரன். ஒரு நாள் வேலை இல்லாத நேரத்தில் ஞானதாசன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மேலே வானத்தில், முன்னால் போகிற கலத்தைப் பிடிக்க வேண்டுமானால் நாம் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அவன் மரியாதையாகக் கேட்டான். பிறகு, கேப்டனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல, கொஞ்சம் படுங்கள் என்றான். ஞானதாசன் தட்டு, தம்ளர், சப்பாத்தி எல்லாவற்றையும் மேஜையில் வட்டமாக வைத்து மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவன் நடுவில் பூமியாக வைத்திருந்த சப்பாத்தியை எடுத்துத் தின்றுவிட்டான்.