மாப்பிள்ளையின் பெயரில் எரிந்த விளக்கு

எங்கள் சின்னம்மாவுக்கு நடக்கவிருந்த கலியாணத்தை ஒற்றை எழுத்து நிறுத்தியது என்று இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த எழுத்தை எழுதவே மாட்டேன். கொப்பியில் ஞாயிற்றுக்கிழமை என்று எழுத வேண்டி வந்தால் திகதியை மட்டும் போட்டுவிட்டுக் கிழமையை விட்டுவிடுவேன். அதற்காக ரீச்சரிடம் குட்டும் வாங்கியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். ஷெல் வீச்சுக்குள் ஓடி வந்தபோது மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அலுமாரியையும் கட்டிலையும் விட்டுவிட்டுக் கணினியை மட்டும் சாக்கில் சுற்றி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தவர். கொட்டிலின் முன்பக்கத்தில் அதை வைத்துக் கலியாணக் காட், மரண அறிவித்தல், கல்வெட்டு எல்லாம் அடித்துக் கொடுத்தார். கல்வெட்டு என்றால் கல் அல்ல. இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்குப் படமும் தேவாரமும் போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கம்பியில் வரும் மின்சாரத்தை நான் அதுவரை கண்டதில்லை. மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும் ஜெனரேற்றர் பதினொரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு நின்றுவிடும். ஆகவே நான் சொல்லப்போகும் எல்லாமே உச்சி வெயிலில் நடந்தவை. உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போகாதே என்று பிள்ளைகளை ஏன் தடுக்கிறார்கள் என்பதை அந்த ஒரு கிழமைக்குள்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கணினிக்குத் தமிழ் தெரியாது என்று மாமா வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய அறைகளில் தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து குடிவைத்திருக்கிறோம், விசையைத் தட்டினால் அந்த அறையில் எந்தப் படம் இருக்கிறதோ அது வந்து நிற்கும், அவ்வளவுதான் என்பார். வெறுமையாகக் கிடந்த அறைகளில் நிறைகுடம், பிள்ளையார், சிலுவை என்று வேண்டியதையெல்லாம் வரைந்து வைத்திருந்தார்கள். வைத்திருந்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். திரையில் புள்ளிபுள்ளியாக இழுத்து வரைந்ததும், அந்த இரண்டு மணி நேரமும் இருந்து தட்டியதும் சின்னம்மாதான். மாமாவின் வேலை கதிரையில் இருந்து வெற்றிலை போடுவதும், "நாங்கள் செய்து தருவம்" என்பதும்.

விளக்குப் படம் வந்த கதை வேறு. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனாள். அவளுடைய கல்வெட்டை எங்களிடம்தான் அடித்தார்கள். அவளுடைய தாய் உருத்திரபுரத்திலிருந்து வந்து, இரண்டு மத்தியானம் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்தார். ஜெனரேற்றர் சத்தத்தில் அவர் கதைத்தது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பார்த்தேன். தன் கையில் முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினார். பிறகு காதுக்குக் கீழே. பிறகு கழுத்தின் பின்புறம். மகளுக்குப் போட்டுவிட்ட நகைகளைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இடம்பெயர்ந்த சனம் கூடினால் நகைக் கதை வராமல் போகாது. அவர் போன பிறகு சின்னம்மா சாப்பிடாமல் இருந்து அந்த விளக்கை வரைந்தார். சுடர் நேராக நிற்காமல், யாரோ பக்கத்தில் மூச்சு விட்டதுபோல் இடப்பக்கம் சரிந்திருந்தது. நேராக்கச் சொல்லி மாமா கேட்டும் சின்னம்மா நேராக்கவில்லை. கல்வெட்டின் முன் அட்டையில், அந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழே, அது அப்படியே சரிந்து எரிந்தது.

அது நடந்து ஒரு வருடத்தில் அந்தப் பெண்ணின் புருஷன் எங்கள் சின்னம்மாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். இரண்டு உழவு மெசின், சந்தியில் கடை, சீதனம் ஒரு சதமும் வேண்டாம். சின்னம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. மாமா அன்றைக்கே தலையாட்டிவிட்டார்.

"அந்தாள் எனக்கு வேண்டாம் அண்ணை," என்று சின்னம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "அந்த வீட்டுக்குப் போனால் நான் இருக்கமாட்டன்."

"சனம் ஆயிரம் கதைக்கும். பெஞ்சாதி கால் வழுக்கி விழுந்ததுக்கு அந்தாள் என்ன செய்யிறது? நான் வாக்குக் குடுத்திட்டன் பிள்ளை."

அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சின்னம்மா அதற்குப் பிறகு தன்னுடைய கலியாணக் காட்டைத் தானே தட்டத் தொடங்கினார். நல்ல பிள்ளை என்று மாமா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அடுத்த நாள் பிழை பார்க்க மாமா திரைக்கு முன்னால் குனிந்தவர், வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் பெயர் 'ஞா' என்று தொடங்கும். அந்த ஞ இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு நின்றது. சுடர் சரிந்த அதே விளக்கு. கீழே திருமண நாள் ஞாயிற்றுக்கிழமை. அங்கேயும் முதல் எழுத்தைத் தின்றுவிட்டு விளக்கு நின்றது. காட் முழுவதிலும் அந்த எழுத்து வருவது அந்த இரண்டு இடத்தில் மட்டும்தான். மற்ற எழுத்தெல்லாம் கிண்ணென்று இருந்தன.

மாமா எழுத்துரு திருத்தும் புரோகிராமைத் திறந்து, விளக்கை அழித்து, ஞ-வை அதன் அறையில் திரும்ப வைத்தார். சரிவந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு ஜெனரேற்றரைப் போட்டுப் பார்த்தால் மறுபடியும் விளக்கு. மாமாவுக்கு வியர்த்தது. சாமித்தட்டில் பிஸ்கற் ரின்னுக்குள் பழைய எழுத்துரு ஒரு பிளொப்பித் தகட்டில் பத்திரமாக இருக்கிறது, நாளைக்கு அதிலிருந்து எடுத்துப் போட்டால் போச்சு என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு, காட் மட்டை வாங்கச் சந்திக்குப் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் நான் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். திரை முழுக்க விளக்கு பெரிதாக நின்றது. சின்னம்மா தலை முழுகிய ஈரக் கூந்தலோடு அதற்கு முன்னால் இருந்து புள்ளிகளை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிஸ்கற் ரின் திறந்து கிடந்தது.

"சின்னம்மா, திருத்துறியளோ?"

அவர் திடுக்கிடவில்லை. "ஓம். சரிவருதோ பாப்பம். ஒருத்தருக்கும் சொல்லாதை."

எனக்குப் பெருமையாக இருந்தது. மாமாவே கிட்டப்போகப் பயப்படும் சாமானை எங்கள் சின்னம்மா தனியாக இருந்து தொடுகிறாரே என்று. ஆனால் பாருங்கள், மறுநாள் மாமா அந்தப் பிளொப்பியைப் போட்டுப் பார்த்தபோது அதற்குள்ளும் ஞ-வின் அறையில் விளக்கே இருந்தது. சாமித்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் இருந்த பிளொப்பி! சின்னம்மா அவ்வளவு பாடுபட்டும் போகவில்லை என்றால் வந்திருப்பது லேசுப்பட்டதல்ல என்று நான் முடிவு கட்டினேன்.

பக்கத்துக் கொட்டில் அக்கா வாயில் கைவைத்தபடி அம்மாவிடம் சொன்னா: "அவள்தான் வந்திட்டாள். அந்தாளின்ர பேரில ஏறி இருக்கிறாள்."

அதன்பின் எனக்கு நித்திரையும் இல்லை, சோறும் இறங்கவில்லை. ஜெனரேற்றர் நிற்கும்போது திரை சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணையும். கண்ணை மூடினால் அந்தப் புள்ளி இமைக்குள் விளக்காகி இடப்பக்கம் சரியும். காற்றே இல்லாத மத்தியானத்தில் கிணற்றுக்குள் வாளி இடிபடும் சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

காட் ஏன் சுணங்குகிறது என்று பார்க்க மாப்பிள்ளையே வந்துவிட்டார், தமக்கையையும் கூட்டிக்கொண்டு. பெரிய உடம்பு, மெல்லிய குரல். எனக்கு ஒரு ரொபி இனிப்புத் தந்தார். மாமா என்னென்னவோ சாட்டுச் சொல்லித் திரைக்கு முன்னால் மறைத்து நின்றார். "விடுங்கோ அண்ணை, நான் ஒருக்கா பாக்கிறன்," என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

சிரிப்பு முதலில் போகவில்லை. கண்கள் மட்டும் நின்றன. தன் பெயரைப் பார்த்தார், கீழே கிழமையைப் பார்த்தார், திரும்பப் பெயருக்கு வந்தார். அந்தச் சரிந்த சுடரை அவர் முன்பு எங்கே பார்த்தார் என்று ஒருவரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெனரேற்றர் இருமியது.

"ஆர் சொன்னது?" என்றார்.

மாமா விழித்தார். "என்னத்தை?"

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்!" அந்த மெல்லிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. தமக்கை அவருடைய தோளைப் பிடித்தா. அவர் கையைத் தட்டிவிட்டுச் சின்னம்மாவைப் பார்த்தார்.

சின்னம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரை நேரே பார்த்தார். "ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

அவர் எழும்பிப் போய்விட்டார். வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூடப் போடவில்லை. கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு போனார். தமக்கை பின்னால் ஓடினா. மாமா அந்தச் செருப்புகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். அன்றைக்கு அவர் வெற்றிலையும் போடவில்லை.

மறுநாள், கொம்பியூட்டருக்குத் தோஷம், இந்தச் சம்பந்தம் சரிவராது என்று மாமா எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரைக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைத்தார். அந்தச் செருப்புகளைத் தடியால் தள்ளி வேலிக்கு வெளியே போட்டார். பதினொரு மணிக்குப் பார்த்தால் ஞ தன் அறைக்குத் தானாகவே திரும்பி வந்திருந்தது! சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாப் பெருமையும் தேங்காய்க்குப் போகலாமா?

"அம்மா, சின்னம்மாவும் திருத்தினவா. நான் பாத்தனான். பிஸ்கற் ரின்னை..."

முடிக்கவில்லை. உடைத்த தேங்காயில் பெரிய துண்டு ஒன்றை அம்மா என் வாய்க்குள் திணித்தார். "சாப்பிடு," என்றார். நான் விழுங்கும்வரை என் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

சின்னம்மா கதிரையில் இருந்து யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக் காட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பேய்க்குப் பயந்த மாப்பிள்ளை 'இது என்ன' என்று கேட்காமல் 'ஆர் சொன்னது' என்று ஏன் கேட்டார் என்பதை நான் அன்று முழுக்க யோசித்தேன். கடைசியில் கண்டும் பிடித்தேன். முக்காலியில் இருந்த அந்தத் தாயின் மகளுடைய நகைகளை இவர் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார், அதைத்தான் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று பயந்துவிட்டார். முழங்கைக்கு மேலே, காதுக்குக் கீழே, கழுத்தின் பின்புறம். எவ்வளவு நகை போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று வியந்தேன். கழுத்தின் பின்புறத்தில் என்ன நகை போடுவார்கள் என்று மட்டும் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.