கூடை இல்லாமல் நடந்த நாள்

போன வருடத்தில் உங்களுக்கு மிகவும் சந்தோஷமாக இருந்த நாளைப் பற்றி எழுதுங்கள் என்றார் டீச்சர். எழுதினேன். இது செல்லாது, வேறு நாளை எழுதிக்கொண்டு வா என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. என் சந்தோஷத்தை இன்னொருவர் சிவப்பு மையால் அடிக்கலாம் என்பதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான வருடம் அது. என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் தஞ்சாவூர்ப் பக்கம் ரயிலேறிப் போய், ஆற்றில் குளித்து, மாம்பழம் தின்றுவிட்டு வந்திருந்தார்கள். அதையே எழுதினார்கள். அவர்களுக்கெல்லாம் 'நன்று' விழுந்தது. குண்டுக்குப் பயந்து ஓடிய இடத்தில் மாம்பழம் தின்றால் சந்தோஷமாம். ஓடாமல் இருந்தவள் சந்தோஷப்பட்டால் தப்பாம்.

எங்களுக்கு ஓடிப்போக வேறு ஊர் கிடையாது. கடலோரக் குப்பம்தான் ஊர். அம்மா தெருத்தெருவாக மீன் விற்பவள். தலையில் கூடை ஏறிவிட்டால் அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது, குனிய முடியாது. லீவு நாட்களில் நான் அவள் பின்னால் ஓடிக்கொண்டே பேசுவேன். அவள் முகத்தைவிடக் குதிகாலைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊர் காலியான அந்த வாரம், அப்பா பிடித்து வந்த மீனெல்லாம் மணலில் கருவாடாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் அம்மா கூடை இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். மந்தைவெளியில் அவளுடைய வாடிக்கை வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனோம். எல்லாக் கதவிலும் பூட்டு. நான் முன்னால் ஓடிப் பூட்டைத் தொட்டு, "இதுவும் பூட்டு" என்று கத்துவேன். அம்மா சிரிப்பாள். கடைசி வீட்டைப் பார்த்தபின் நடுத்தெருவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். மரத்தில் கிளி இருப்பதை அண்ணாந்து பார்த்துக் காட்டினாள். "தெருவே நம்மளுதுதான்டி, உருண்டு வெளையாடு" என்றாள்.

இவ்வளவுதான் நான் எழுதியது.

"ஊரே அழுதுண்டு ஓடித்து. பூட்டின ஆத்தைப் பார்த்துச் சிரிச்சேன்னு எவளாவது எழுதுவாளோடி?" என்றார் டீச்சர். மாற்றி எழுத மாட்டேன் என்றேன். அப்படியானால் அம்மாவை அழைத்து வா, இல்லையேல் வகுப்புக்கே வராதே என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அம்மா அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. மறுநாள் சாயங்காலம் மீனை விற்று முடித்து, கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டீச்சர் என் நோட்டை உரக்கப் படித்தார். ஒவ்வொரு பூட்டுக்கும் அம்மாவின் கை சேலைத் தலைப்பை இறுக்கியது.

"பாப்பா எய்துனது நெசந்தாம்மா" என்றாள். "அன்னிக்கு நான் சிரிச்சுக்கினுதான் வந்தேன். சிரிக்காம இன்னா பண்றது, கூட கொயந்த வருதே."

டீச்சர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். நான் ஜெயித்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் நடந்தாள். "ஒனக்கும் அன்னிக்குத்தானேம்மா ரொம்ப சந்தோசம்?" என்று அவள் குதிகாலிடம் கேட்டேன். அவள் நடையை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. தலையில் கூடை இருக்கும்போது எப்படித் திரும்புவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூடை காலி என்பது எனக்குத் தோன்றவே இல்லை.