சரசக்கா தொடாத பால்

சரசக்கா போய்விட்டார்... சாயங்காலம் அம்மா அடுப்படியில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

நம் பள்ளிக்கூட வாசலில் பூ விற்பாரே, அவர்தான். வழுக்கிக்கூட விழவில்லையாம். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படுத்தவர் எழவே இல்லை.

தோழிகளே, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குக் கொடுங்கள். டீச்சர் கையில் சிக்க வேண்டாம்.

உங்களுக்கு அவர் பூக்கார அக்கா. எனக்கு ஆஸ்பத்திரி அக்கா.

எனக்கு அடிக்கடி கண் மஞ்சளாகும், பார்த்திருப்பீர்கள். அது வெறும் காமாலை இல்லை... ஈரல் வியாதி. ரொம்ப நாளாக இருக்கிறது. பெரியாஸ்பத்திரி வரிசையில் ஒருநாள் எனக்கு முன்னால் சரசக்கா நின்றிருந்தார்.

"ஏ புள்ள, நீயும் ஈரல் கேஸா? இம்புட்டுக்காணு இருந்துக்கிட்டு!"

"ஆமாக்கா."

"என்னைய ஊரே குடிகாரிங்குது. நான் குடிச்சதெல்லாம் பன்னீர் சோடாதேன்!"

சிரித்தார். உடனே விலாவைப் பிடித்துக்கொண்டார். முந்தைய வாரம் இருமியதில் ஒரு விலா எலும்பு உடைந்துவிட்டதாம். இருமினால் எலும்பு உடையுமா... நான் நம்பவில்லை.

அப்புறம் மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். பள்ளி விட்டதும் கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஈரல் நாள்பட்டுக் கெட்டுக் கெடந்தா எலும்பும் உள்ளுக்குள்ள கரைஞ்சிருமாம்டி. பால் குடிக்கணுமாம், முட்டை திங்கணுமாம், வெயில்ல செத்த நேரம் நிக்கணுமாம். நாம என்னடான்னா பத்தியம் பத்தியம்னு அம்புட்டையும் தள்ளி வச்சுட்டோம். ஒங்கம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன்.

"பூக்காரி என்ன டாக்டருக்குப் படிச்சிருக்காளா? பாலு ஈரலுக்கு ஆகாது. வெயிலு சூடு. பேசாமப் போய்ப் படு."

அம்மாவைக் குறை சொல்லவில்லை. எனக்காகத்தான் வீட்டில் யாருமே மீன் சாப்பிடுவதில்லை. ஆனால்... உப்பில்லாத கஞ்சி, ஜன்னல் சாத்திய அறை, வெளியே கிளம்பினால் குடை. நீங்கள் மைதானத்தில் விளையாடும்போது நான் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

சரசக்காவும் பால் குடிக்கவில்லை. டம்ளரை வாய்வரைக்கும் கொண்டுபோய்க் கீழே வைத்துவிடுவாராம். "டாக்டர் சொன்னது காதுல கேக்குது. மனசு விடமாட்டேங்குது புள்ள" என்று, கனகாம்பரத்தைத் தொடுத்துக்கொண்டே சொன்னார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும்.

போன வாரம் அம்மா கடைக்குப் போயிருந்தார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தேன். முதுகில் பட்டென்று ஏதோ ஆனது. அன்றிலிருந்து நிமிர்ந்து உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. "இன்னொருக்கா படுத்தீன்னா பள்ளிக்கூடம் கெடையாது" என்று அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார். அந்த அறையில் நாள் முழுக்க... என்னால் முடியாது.

சொல்லாமலே இருந்தால்? சரசக்காவின் பூக்கூடையில் அப்படி என்ன கனம் இருந்திருக்கும்?

கமலா, உன் அம்மா சொன்னால் என் அம்மா கேட்பார். நாளைக்கு அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவா. என் முதுகைப் பற்றி அவர் சொல்லட்டும். மதுரை டாக்டர் சொன்னதையும் சொல்லட்டும். எனக்கு வாய் வரவில்லை.

பள்ளி வாசலில் இனி பூக்கூடை இருக்காது. நாளைக்கு மத்தியான இடைவேளையில் குடையை மடக்கிவிட்டு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்பேன். யாரும் உள்ளே கூப்பிடாதீர்கள்.

போய் வாருங்கள், சரசக்கா...